புகாரே வராத தெரு

உட்காருங்க சார். அந்த நாற்காலி ஆடும், இதுல உட்காருங்க. உங்க பொண்ணு உள்ள என் வீட்டம்மாகூடப் பேசிட்டு இருக்கட்டும். காபி வந்ததும் குடிச்சிட்டு, போய் மாடி போர்ஷனைப் பார்த்துடலாம். சாவி என்கிட்டதான் இருக்கு. எதிர்த்தாப்ல பச்சை கேட் போட்ட வீடு, அதோ தெரியுது பாருங்க. கீழ ஓனர் இருக்கார், எங்க தெருச் சங்கத் தலைவர் வேதமூர்த்தி சார், நான் செக்ரட்டரி. மேல காலி.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். தெருமுனையில இஸ்திரி வண்டி வச்சிருக்காளே பாக்கியம், அவ உங்ககிட்ட ஏதோ சொல்லியிருக்கா. இல்லைன்னு தலையாட்டாதீங்க. நீங்க ரெண்டு பேரும் அவகிட்ட நின்னு பேசினதை நான் இங்கயிருந்தே பார்த்தேன். "செக்ரட்டரி பொண்ணே அந்தத் தெருவுல இல்ல, நீங்க உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போறீங்களா"ன்னு கேட்டிருப்பா. அப்படித்தானே? தெரியும். இதுக்கு முன்னாடி மூணு குடும்பம் வந்துச்சு. மூணு பேர்கிட்டயும் இதையேதான் சொல்லியிருக்கா. அவங்களும் இங்க வந்து உட்கார்ந்தாங்க, பொம்பளைங்க உள்ள போய்க் காபி குடிச்சாங்க, வெளிய வந்ததும் யோசிச்சுச் சொல்றோம்னு போயிட்டாங்க. போனவங்க போனவங்கதான். என் வீட்டம்மா போடற காபி அப்படின்னு வச்சுக்குங்க.

நீங்க உடுமலைப் பக்கம்னு சொன்னீங்கல்ல? நான் அருப்புக்கோட்டை. பேரு குருசாமி. தாலுகா ஆபீஸ் உத்தியோகம், முப்பத்து நாலு வருஷம். துணை வட்டாட்சியரா ரிட்டையர் ஆனேன். ஒரு விஷயத்தைப் பத்தி நாலு பேர் நாலு விதமாச் சொல்வாங்க. நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான், பதிவேட்டுல என்ன இருக்கு? இருந்தா நடந்தது. இல்லைன்னா நடக்கலை. அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். அதனால பாக்கியம் சொல்றதை விட்டுட்டு, நடந்ததை நானே வரிசையாச் சொல்லிடறேன். அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

எனக்கு ஒரே பொண்ணு, சிவரஞ்சனி. நாலு வருஷத்துக்கு முன்னாடி அவளுக்கு இங்க கம்பெனியில வேலை கிடைச்சுது. ஹாஸ்டல்ல போடுங்கன்னாங்க. சொந்தக்காரங்க வீட்டுல விடுங்கன்னாங்க. நான் ஒத்துக்கலை. குடும்பத்தோட வர்றோம்னு சொல்லிட்டேன். சென்னைன்னா சும்மாவா? பேப்பரைத் திறந்தா பயமா இருக்கு. நீங்களும் அந்தப் பயத்துலதானே வந்திருக்கீங்க? உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது. பொண்ணைப் பெத்தவன் முகம்.

எழும்பூர்ல லாட்ஜ் எடுத்துத் தங்கி, பதினோரு நாள் வீடு பார்த்தேன் சார். நான் மட்டும். எத்தனை புரோக்கர் தெரியுமா? தண்ணி வருமான்னு கேட்டா யோசிக்கிறான். வெயில் அடிக்குமான்னு கேட்டா யோசிக்கிறான். பாதுகாப்பான ஏரியாவான்னு கேட்டா மட்டும் யோசிக்கிறதே இல்ல. "நூறு பெர்சன்ட் சார்"ங்கறான். எல்லா ஏரியாவும் நூறு பெர்சன்ட்னா அப்புறம் பேப்பர்ல வர்றதெல்லாம் எந்த ஊர்லப்பா நடக்குது?

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வீடு பார்க்க வந்தவன் எவனாவது ஸ்டேஷனுக்குப் போவானா? நான் போனேன். அங்க ரைட்டர் சாத்தூர்க்காரர், நம்ம பக்கம். ரெண்டு வார்த்தை பேசினதும் ஒட்டிக்கிட்டார். அவர்கிட்ட என் நோட்டை எடுத்து வச்சு, ஒவ்வொரு தெருவாக் கேட்டேன். பதிவேட்டைக் காட்ட மாட்டேன்னுட்டார், அது சரிதான், நான் இருந்தாலும் காட்ட மாட்டேன். வாயால சொன்னார்.

"உப்புக்கிடங்குத் தெரு?"ன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம் சார், மாசம் முப்பது புகார் வருது. பொம்பளைங்களே கூட்டமா வந்து நின்னுக்கிட்டு, எழுதினாத்தான் போவோம்னு உட்கார்ந்துடுவாங்க. எனக்கு அந்தத் தெருவாலதான் கை வலி"ன்னார். "பூரணி நகர் நாலாவது தெரு?"ன்னேன், நம்ம தெருதான் இது. மேல பார்த்து யோசிச்சார். பக்கத்துல இருந்த ஏட்டையாகிட்ட கேட்டார். அவரும் யோசிச்சார். "அங்கயிருந்து யாரும் வந்ததே இல்லையே சார். எனக்குத் தெரிஞ்சு எட்டு வருஷமா ஒரு பேப்பர் இல்ல"ன்னார்.

எட்டு வருஷம். இருபத்தாறு வீடு. ஒரு பேப்பர் இல்ல. நான் நோட்டுல எழுதி ரெண்டு தடவை கோடு போட்டேன்.

ரஞ்சனிக்கு இது பிடிக்கலை. அவகூட வேலை பார்க்கிற ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு அந்த உப்புக்கிடங்குத் தெருவுலதான் இருந்தா. அங்கயே பார்க்கலாம்னு ரஞ்சனி ஒத்தைக்கால்ல நின்னா. "அங்க தெருவுல எப்பவும் ஆள் இருக்காங்கப்பா"ன்னா. ஆள் இருந்தா அது பாதுகாப்பாம்மா, ஆளுதானே பிரச்சினையேன்னு கேட்டேன்.  இந்தத் தெருவை முதல்ல கூட்டிட்டு வந்து காட்டினப்ப, தெரு கேட்டுக்குள்ள வந்து நின்னு ரெண்டு பக்கமும் பார்த்தா. சாயந்தரம் ஆறு மணி. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருக்கு. ஒரு சத்தம் இல்ல. "யாராவது கூப்பிட்டா யாருக்குக் கேட்கும்?"னு கேட்டா. கூப்பிட வேண்டிய அவசியமே வராதும்மான்னு சொன்னேன்.

நீங்களும் பார்த்திருப்பீங்களே. முட்டுச்சந்து, வாசல்ல இரும்பு கேட், வாட்ச்மேன், ஒரு நோட்டு. நீங்க உள்ள வர்றப்ப கையெழுத்துப் போட்டீங்கல்ல, அந்த நோட்டு. நான் வர்றப்ப அதுல பேரும் நேரமும் மட்டும்தான் இருந்துச்சு. சின்னப் பிள்ளை கணக்கு நோட்டு மாதிரி. நான்தான் அதுக்கு ஒரு ஒழுங்கு கொண்டு வந்தேன். பேர், வீட்டு எண், வெளியே சென்ற நேரம், காரணம், திரும்பும் உத்தேச நேரம், திரும்பிய நேரம். ஆறு கட்டம். ஸ்கேல் வச்சு நானே கோடு போட்டுக் கொடுத்தேன். உத்தேச நேரம் முழுக்க என் யோசனை. ஒரு பொண்ணு ஏழு மணிக்கு வர்றேன்னு எழுதிட்டுப் போய் எட்டு ஆகியும் வரலைன்னா, உடனே தெரிஞ்சுடும் பாருங்க.

வேதமூர்த்தி சாருக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "குருசாமி சார், உங்களை மாதிரி ஒருத்தர் இவ்வளவு நாளா எங்க இருந்தீங்க?"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். பேங்க் மேனேஜரா இருந்தவர், சம்சாரம் இல்ல, பிள்ளைங்க ரெண்டு பேரும் வெளிநாடு. தினம் காலையில டிபன் சாப்பிடறப்ப நோட்டை வீட்டுக்கு வாங்கிட்டுப் போய், பேப்பர் படிக்கிற மாதிரி ஒரு வரி விடாமப் படிப்பார். அப்படி ஒரு அக்கறை.

ரஞ்சனி அதுக்கும் சண்டை போட்டா. "நான் எப்பப் போறேன், எப்ப வர்றேன்னு ஊருக்கே எழுதி வைக்கணுமா?"ன்னா. உன் பாதுகாப்புக்குத்தானேம்மான்னு சொல்லி எழுத வச்சேன். வீட்டுக்குள்ளயும் சட்டம் வச்சிருந்தேன். ஏழரைக்கு மேல வெளிய கூடாது. டெலிவரி ஆள் வந்தா கேட்டுல வாங்கிக்கணும். வெளியாள் எவன் பெல் அடிச்சாலும் கதவைத் திறக்கக் கூடாது. தலைவர் வந்தா மட்டும் திற, அவர் நம்ம ஆளுன்னு சொல்லியிருந்தேன்.

கொஞ்சம் இப்படித் தள்ளி உட்காருங்க சார். சமையல்கட்டு ஜன்னல் ஹாலுக்குத்தான் திறக்குது, பேசறது உள்ள கேட்கும். மெதுவாச் சொல்றேன்.

நாங்க வந்து ஒரு வருஷம் முடியப் போற சமயம். செவ்வாய்க்கிழமை. என் வீட்டம்மா சண்முகத்தாய் தம்பி வீட்டுக் காதுகுத்துக்கு ஊருக்குப் போயிருந்தா. ரஞ்சனிக்கு அன்னிக்கு வீட்டுலயிருந்தே வேலை. எனக்குப் பென்ஷன் நேர்காணல். போகாம இருக்க முடியாது, ஆள் உயிரோட இருக்கான்னு வருஷத்துக்கு ஒரு தடவை நேர்ல போய்க் காட்டணும். கேட்டுல ஒழுங்கா எழுதிட்டுப் போனேன். வெளியே பத்து நாற்பது. காரணம் பென்ஷன் நேர்காணல். உத்தேச நேரம் ஒரு மணி.

அங்க கூட்டம் இல்ல. சீக்கிரம் முடிஞ்சுது. பன்னிரண்டு இருபதுக்கெல்லாம் வந்துட்டேன், உத்தேச நேரத்துக்கு நாற்பது நிமிஷம் முன்னாடியே. வந்து பார்த்தா வேதமூர்த்தி சார் இந்த ஹால்ல, நீங்க உட்கார்ந்திருக்கீங்களே இதே இடத்துல, பேப்பர் படிச்சிட்டு இருக்கார். என்னைப் பார்த்து முதல்ல மணியைப் பார்த்தார். அப்புறம் எழுந்து, "வாங்க சார், குழாய்ல தண்ணி சரியா வருதான்னு பார்க்க வந்தேன். குழந்தை என்னமோ பயந்துட்டா, பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டா"ன்னார்.

ரஞ்சனி சொல்றது வேற. அவர் உள்ள வந்ததும் கதவைத் தாழ் போட்டார்ங்கறா. தண்ணி கேட்டு வாங்கறப்ப கையைப் பிடிச்சார், விடலை, இழுத்தார்ங்கறா. தள்ளிவிட்டுட்டு ஓடிப் போய் பாத்ரூம்ல பூட்டிக்கிட்டேன், ஒரு மணி நேரம் வெளியயிருந்து கதவைத் தட்டிக்கிட்டே பேசிட்டிருந்தார்ங்கறா. எனக்கு போன் பண்ணியிருக்கா. நேர்காணல்ல போனை சத்தம் இல்லாம வைக்கச் சொன்னாங்க, வச்சிருந்தேன். பதினேழு கால். அப்புறம்தான் பார்த்தேன்.

அவர் வந்ததுக்கு நோட்டுல பதிவு எதுவும் இல்ல. தெருவுக்குள்ளயே ஒரு வீட்டுலயிருந்து இன்னொரு வீட்டுக்குப் போறதுக்கு எழுத வேண்டியதில்லை. அதுக்குக் கட்டம் போடணும்னு எனக்கும் தோணலை.

அந்த நேரத்துல நான் என்ன பண்ணியிருக்கணும்னு நினைக்கிறீங்க? சட்டையைப் பிடிச்சிருக்கணுமா? என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரியாது. வயசுல பெரியவர். வாடகைக்கு வந்த முதல் நாள் பால் காய்ச்சறப்ப வந்து நின்னவர். வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோட அனுப்பக் கூடாதுன்னு எனக்கு அதுதான் முதல்ல தோணிச்சு. சண்முகத்தாய் இல்லையே, நானே அடுப்பைப் பத்த வச்சு அவருக்குக் காபி போட்டேன். இதை நான் என் வீட்டம்மாகிட்டகூடச் சொன்னதில்லை. ரஞ்சனியும் சொல்லலை போல, சொல்லியிருந்தா இவ கேட்டிருப்பா.

காபியைக் கொடுத்துட்டுப் போய் பாத்ரூம் கதவைத் தட்டினேன். "ரஞ்சனி, அப்பாதான். வெளிய வாம்மா"ன்னேன். "அவர் போயிட்டாரா?"ன்னு கேட்டா. காபி குடிச்சிட்டு இருக்கார்மான்னு சொன்னேன். 

அவர் போய் கால் மணி நேரம் கழிச்சுத்தான் வந்தா. மணிக்கட்டு சிவந்திருந்துச்சு. கையில கண்ணாடி வளையல் போட்டிருந்தா, அதுல ரெண்டு உடைஞ்சிருந்துச்சு. கதவுல பட்டாலும் வளையல் உடையும். அழலை. அழுதிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும் சார். முடியைக் கட்டினா, பையை எடுத்தா, "ஸ்டேஷனுக்குப் போறேன், வர்றீங்களா?"ன்னா. அவ்வளவுதான். வர்றீங்களான்னு ஏதோ கடைக்குக் கூப்பிடற மாதிரி.

பின்னாடியே போனேன். கேட்டுகிட்டப் போறதுக்குள்ள சங்கத்து ஆளுங்க நாலு பேர் வந்துட்டாங்க. எப்படித் தெரிஞ்சுதோ. டாக்டர் பத்மநாபன் என்னைத் தனியா இழுத்து, "சார், ஒன்பது வருஷமா இந்தத் தெருவுலயிருந்து ஒரு கேஸ் இல்ல. நீங்க அதைப் பார்த்துத்தானே வந்தீங்க?"ன்னு கேட்டார். ஆமா, அதைப் பார்த்துத்தான் வந்தேன். "புகார்னு எழுதினா முதல்ல எழுதறது உங்க பொண்ணு பேரைத்தான்"ன்னார். அதுவும் சரி. மனுதாரர் பேர்தான் முதல் வரி. எனக்குத் தெரியாதா, எத்தனை மனு பார்த்திருக்கேன். ஒரு தடவை பதிவேட்டுல ஏறிட்டா அதை யாராலயும் இறக்க முடியாது. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் விசாரிக்க வருவான். அவன் என்னை மாதிரி ஆளா இருந்தா எங்க போய் விசாரிப்பான்? நேரா ஸ்டேஷனுக்குத்தான்.

"நாளைக்குப் போகலாம்மா"ன்னு சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தா. திரும்பி வீட்டுக்கு வந்துட்டா. சொன்ன பேச்சைக் கேட்டுட்டான்னு எனக்கு அப்ப ஒரு நிம்மதி.

சாயந்தரம் அஞ்சு மணிக்கு சங்கக் கூட்டம். தலைவர் வீட்டு ஹால்லதான் எப்பவும் கூடுவோம், அன்னிக்கும் அங்கதான். ஒரு மணி நேரம் பேசினாங்க. யாரும் குரல் உயர்த்தலை. தீர்மானம் எழுதணும்னப்ப யாருக்கும் வாசகம் வரலை. ஒருத்தர் ‘சம்பவம்’னு ஆரம்பிச்சார். சம்பவம்னு எழுதினாலே ஏதோ நடந்ததா ஆயிடும்னு நான்தான் தடுத்தேன். கடைசியில பேனாவை வாங்கி நானே எழுதிக் கொடுத்தேன். "தவறான புரிதலினால் குடியிருப்பாளர் ஒருவருக்கு ஏற்பட்ட மனவருத்தம், இருதரப்பும் பேசிச் சுமுகமாகத் தீர்க்கப்பட்டது. மேல்நடவடிக்கை தேவையில்லை எனத் தீர்மானிக்கப்படுகிறது." ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. டாக்டர் படிச்சுட்டு, இதுக்குத்தான் சார் அனுபவம் வேணும்ங்கறதுன்னார். அடுத்த மாசம் என்னைச் செக்ரட்டரி ஆக்கினாங்க. ஏகமனதா.

தீர்மானத்து நகலை ரஞ்சனிகிட்டக் காட்டினேன். அவளுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும்னு. முழுசாப் படிச்சா. "இதுல நான் எங்கப்பா இருக்கேன்?"னு கேட்டா. உன் பேர் வரக்கூடாதுன்னுதாம்மா, குடியிருப்பாளர் ஒருவர்னு போட்டிருக்கேன், உன் நல்லதுக்குத்தான்னு சொன்னேன். "அவர் எங்க?"ன்னு கேட்டா. அவர் பேரும் இல்லதான். இருதரப்புன்னு சொன்னா ரெண்டு பேரும் வந்துட்டாங்கல்ல. மடிச்சு என் கையில கொடுத்துட்டு உள்ள போயிட்டா.

மறுநாள் காலையில எழுந்து பார்த்தா அவ இல்ல. ரெண்டு பெட்டியும் இல்ல. ஓடிப் போய் நோட்டைப் பார்த்தேன். ஒழுங்கா எழுதியிருக்கா சார், அந்த ஒழுக்கம் இருந்துச்சு. சிவரஞ்சனி, வீட்டு எண் பதினாலு, வெளியே ஆறு பத்து. காரணம்ங்கற கட்டத்துல ‘பாதுகாப்பு’ன்னு எழுதியிருந்தா. அது எப்படிக் காரணம் ஆகும்? அவசரத்துல என்னமோ எழுதிட்டா. உத்தேச நேரத்துல ஒரு கோடு. திரும்பிய நேரம் காலி.

எங்க போனா தெரியுமா? உப்புக்கிடங்குத் தெரு. அந்த ஸ்டெல்லாகூட. மாசம் முப்பது புகார் வர்ற தெரு. சென்னை முழுக்கப் பதினோரு நாள் வெயில்ல அலைஞ்சு எதை வேண்டாம்னு அடிச்சேனோ, அங்கயே போய் உட்கார்ந்திருக்கா. இதைவிட ஒரு அப்பனை எப்படி அவமானப்படுத்த முடியும் சொல்லுங்க. எனக்கு வயிறு எரியுது சார். இன்னிக்கும் எரியுது.

ஒரே ஒரு தடவை போனேன். போய் எதிர்த்தாப்ல டீக்கடையில நின்னேன். அது ஒரு தெருவா? வாசல் பூரா ஆளுங்க. மீன் கூடை ஒரு பக்கம், தையல் மிஷின் ஒரு பக்கம், கட்டில் போட்டுப் படுத்திருக்கறவன் ஒரு பக்கம். நான் நின்ன அஞ்சாவது நிமிஷம் ஒரு சண்டை. எவனோ ஒருத்தன் ஒரு பொண்ணைப் பார்த்து ஏதோ சொல்லிட்டானாம். ஏதோ சொல்லிட்டான், அவ்வளவுதான், தொடக்கூட இல்ல. ரெண்டு பொம்பளைங்க அவன் சட்டைக் காலரைப் பிடிச்சிட்டாங்க. எல்லா வீட்டுலயிருந்தும் வந்துட்டாங்க. அப்படியே கூட்டமா ஸ்டேஷனைப் பார்த்து நடக்கறாங்க, ஏதோ தேர் இழுக்கற மாதிரி. அந்தக் கூட்டத்துல ரஞ்சனியும் போறா. ஆபீஸ் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, என் பொண்ணு.

என்னைப் பார்த்தா. டீ கிளாஸோட நான் நிக்கறதை நல்லாப் பார்த்தா. ஒரு நிமிஷம் நின்னா. நான் கையைக்கூடத் தூக்கினேன். அப்புறம் அவங்களோட போயிட்டா. ரைட்டர் சொன்னது எவ்வளவு சரின்னு அப்பதான் புரிஞ்சுது. மாசம் முப்பது புகார் வராம என்ன செய்யும்? அப்படிப்பட்ட இடம் அது.

போன மாசம்கூட அந்த ரைட்டரைப் பார்த்தேன். நம்ம தெரு எப்படின்னு கேட்டேன். "பன்னிரண்டு வருஷம் ஆச்சு சார், ஒரு பேப்பர் இல்ல. எல்லாத் தெருவும் உங்க தெரு மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல"ன்னார். நீங்க வேணும்னாலும் போய்க் கேளுங்க, இதையேதான் சொல்வார். நான் ஏதாவது கூட்டிச் சொன்னேன்னு இருக்கக் கூடாது.

எனக்கு மனசு இல்லைன்னு நினைக்காதீங்க சார். நோட்டு முடிஞ்சு புது நோட்டு போடறப்பல்லாம், பழைய நோட்டுல முடியாத பதிவைப் புதுசுல முதல் வரியா எடுத்து எழுதணும். அது ஆபீஸ் வழக்கம், நிலுவைன்னு சொல்வோம். மூணு வருஷத்துல ஒன்பது நோட்டு முடிஞ்சிருக்கு. ஒன்பது தடவையும் என் கையாலதான் எழுதினேன். சிவரஞ்சனி, வீட்டு எண் பதினாலு, வெளியே ஆறு பத்து. காரணத்துல மட்டும் ‘சொந்த வேலை’ன்னு மாத்திக்கிட்டேன். திரும்பிய நேரம் காலியா விட்டிருக்கேன். வாட்ச்மேன் ஒரு தடவை அதை அடிச்சிடலாமா சார்னு கேட்டான். அவனைத் திட்டின திட்டு இன்னும் மறக்க மாட்டான். ஒரு பதிவை அடிக்கறதுக்கு நீ யாருடான்னு கேட்டேன். அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதேன், சொல்றதுக்கு என்ன வெட்கம்.

சண்முகத்தாய் ஊர்லயிருந்து வந்து விஷயம் தெரிஞ்சதுலயிருந்து என்கிட்டப் பேசறதில்லை. சோறு வைப்பா, தட்டை நகர்த்துவா, அவ்வளவுதான். வியாழக்கிழமை தவறாம கோயிலுக்குப் போவா. காரணம் கோயில்னு எழுதிட்டு, காலையில போனா சாயந்தரம்தான் வருவா. விபூதிகூடக் கொண்டு வர மாட்டா, மறந்துடுவா போல. எந்தக் கோயில்னு நான் கேட்டதில்லை. பதிவுல கோயில்னு இருக்கு, போதும்.

அதனால பாக்கியம் பேச்சை விடுங்க. வேதமூர்த்தி சாரைப் பத்தி ஒரு எழுத்துக்கூட எங்கயும் பதிவாகலை. மாடிக்குத் தனிப் படி இருக்கு, அவர் கீழ இருக்கறதே ஒரு காவல் மாதிரி. காலையிலேயே சொல்லிட்டேன், இன்னிக்குப் பதினோரு மணிக்கு ஒரு பொண்ணு வீடு பார்க்க வர்றான்னு. குளிச்சு வேட்டி மாத்திட்டுக் காத்துக்கிட்டு இருக்கார், பாவம். நீங்க மாசத்துல ரெண்டு தடவை ஊருக்குப் போய் வரணும்னு வேற சொன்னீங்க. கவலையே இல்லாமப் போகலாம். நோட்டுல எழுதிட்டுப் போனீங்கன்னா உங்க பொண்ணை நாங்க பார்த்துக்குவோம்.

காபியைக் காணோமே. உள்ள பாத்திரச் சத்தமும் அப்பவே நின்னு போச்சு. சண்முகத்தாய்?

வாம்மா, பிரவீணாதானே உன் பேரு? காபி குடிச்சியா? இல்லையா? அவ கலக்கவே இல்லையா? ஏம்மா ஒரு மாதிரி நிக்கற? அப்பாகிட்ட என்ன சொல்லணும், இங்கயே சொல்லேன். சார், ஏன் எழுந்துட்டீங்க? சாவி இதோ இருக்கு, எதிர்த்த வீடுதானே, ரெண்டு நிமிஷம். யோசிச்சுச் சொல்றீங்களா? இதுல யோசிக்க என்ன சார் இருக்கு, ஸ்டேஷன்ல கேட்டுட்டுத்தான் வாங்களேன். சரி. சரி, போங்க. போறப்ப கேட்டுல நேரம் போட்டுட்டுப் போங்க. நேத்துத்தான் புது நோட்டு போட்டேன், அந்தப் பக்கத்துல மேல முதல் வரி ஒண்ணு இருக்கும், அதைக் கண்டுக்காதீங்க.

நீ எங்க கிளம்பிட்ட சண்முகத்தாய்? செருப்பை ஏன் மாட்டற? இன்னிக்கு வியாழக்கிழமை இல்லையே. ஏன் என்னை அப்படிப் பார்க்கற? நான் ஒண்ணும் புதுசாச் சொல்லிடலை. ஒரு வாய் காபி, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவருக்கு நீயா இருந்தாலும் கொடுத்திருப்ப.

என்ன சொன்ன?

சார், ஒரு நிமிஷம் நில்லுங்க, மூணு வருஷத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் என்கிட்ட வாயைத் திறந்திருக்கா. ஸ்டேஷனுக்குன்னு சொல்றா. உள்ளயிருந்தே ரஞ்சனிக்கு போன் பண்ணிட்டாளாம், அவ வெளிய இஸ்திரி வண்டிகிட்ட வந்து நிக்கறாளாம். உப்புக்கிடங்குத் தெருப் பொம்பளைங்களும் வர்றாங்களாம்.

சண்முகத்தாய், நில்லு. சொல்றதைக் கேளு. பன்னிரண்டு வருஷம். நாளைக்குப் போகலாம், நானும் வர்றேன், நாளைக்கு. சரி, உன் இஷ்டம், போ. கேட்டுல எழுதாமப் போகாதே. எல்லாரும் பார்க்கற நோட்டு அது. எப்ப வருவேன்னு போடு. காரணம்ங்கற கட்டத்துல மட்டும் கோயில்னு எழுது சண்முகத்தாய். எப்பவும் எழுதற மாதிரி, கோயில்னு எழுது.